உருவப்படத்தில் ஒளியும் நிழலும் பெயரும்: ஜூலியா மார்கரெட் கேமரனின் படங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

0. முன்னுரை

ஒருவரின் உருவத்தை நிழற்படமாக்கும்போது அதில் உணர்வுநிலையைத் தோற்றுவிப்பன ஒளியும் நிழலுமே என்பது இத்துறையினர் அனைவரும் ஒப்புக்கொள்ளும் கருத்தாகும். ஆயின் அவை அதனை எவ்வாறு தோற்றுவிக்கின்றன என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் பயிற்சி நூல்களின் சூத்திரங்களே விடையாகத் தரப்படுகின்றன. பக்கவாட்டு ஒளி கம்பீரம் தரும்; கீழிருந்து எழும் ஒளி அச்சம் தரும்; பரவலான மென்மையொளி அன்பையும் அமைதியையும் தரும் என்பன அவை. இவற்றைப் பொய் என்று ஒதுக்க இயலாது. ஆனால் இவை ஒளியைச் சொல்லாகவும் உணர்வை அதன் பொருளாகவும் நிரல்படுத்தும் அகராதியைப் போன்றவை. அகராதியை மட்டும் கற்றவர் ஒரு மொழியைப் பேசிவிட முடியாது. அம்மொழியின் இலக்கணமும் வழங்கும் சூழலும் அறிந்தாக வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் உருவப்படக் கலைஞருள் தலைசிறந்தவராகக் கருதப்படும் ஜூலியா மார்கரெட் கேமரன் (1815–1879) இங்கிலாந்திலும் இலங்கையிலும் எடுத்த படங்களைத் தரவாகக் கொண்டு இக்கட்டுரை இரு கருத்துகளை முன்வைக்கிறது. முதலாவது, உருவப்படத்தில் நிழல் என்பது ஒளியின் இன்மை மட்டுமன்று. பொருள் தரும் உறுப்பு. இரண்டாவது, அந்த உறுப்பு தரும் பொருள் படத்திலுள்ளவர் எவ்வாறு பெயர் பெறுகிறார் என்பதோடு பிரிக்க முடியாதபடி பிணைந்துள்ளது.

1. கலையின் பெயர்

இக்கலைக்குத் தமிழில் புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. முதலாவது பெருவழக்கு. ஏனைய இரண்டும் எழுத்து வழக்கில் மிகுதியும் காணப்படுவன. ஒளிப்படம் என்பது கருவியை நோக்கிய பெயர். ஒளியால் வரைதல் என்னும் கிரேக்க அடிச்சொற்களின் பொருளைத் தழுவியது. நிழற்படம் என்பது விளைவை நோக்கிய பெயர்.

இவ்விருமை தமிழில் மட்டும் தோன்றியதன்று. 1839ஆம் ஆண்டில் இக்கலை அறிவிக்கப்பட்டபோது இங்கிலாந்திலேயே இரு நோக்குகளும் இருந்தன. வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தம் கண்டுபிடிப்பை நிழலை நிலைநிறுத்தும் கலையாக விளக்கினார். வானியலறிஞர் சர் ஜான் ஹெர்ஷல் ஒளியை முதன்மைப்படுத்தும் ஃபோட்டோகிராஃபி என்னும் சொல்லைக் கையாண்டார். அதுவே நிலைபெற்றது. நெகடிவ், பாசிடிவ் ஆகிய கலைச்சொற்களையும் 1840இல் இத்துறைக்குத் தந்தவர் ஹெர்ஷலே. இக்கலைக்குப் பெயர் தந்த அதே ஹெர்ஷலின் உருவப்படமே கேமரனின் படங்களுள் மிகுபுகழ் பெற்றவற்றுள் ஒன்று என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

தமிழ் நிழல் என்னும் சொல்லின் பொருட்பரப்பும் நோக்கத்தக்கது. மர நிழல் என்பதில் வெயிலின் மறைவைக் குறிக்கிறது. நீரிலும் ஆடியிலும் தோன்றும் உருவத்தையும் நிழல் என்றே வழங்கினர். குடைநிழல் என்பதில் காப்பு என்னும் பொருள் உண்டு. பழந்தமிழில் மணியின் ஒளியையும் இச்சொல் சுட்டியது. ஒளி, மறைவு, உருவம், காப்பு என்னும் நான்கையும் ஒரு சொல்லுக்குள் அடக்கிய மொழியில் ஒளியையும் நிழலையும் பகைச் சொற்களாக மட்டும் கொள்வதற்கு இடமில்லை. ஓவியத்தில் இவ்விரண்டையும் இணைத்துக் கூறும் கியாரோஸ்குரோ என்னும் இத்தாலியச் சொல்லும் தெளிவு, இருள் என்னும் இரு சொற்களின் இணைப்பே. நம் இலக்கண வழக்கில் அதனை ஒளிநிழல் என உம்மைத்தொகையாக்கலாம்.

2. அகராதி நோக்கும் இலக்கண நோக்கும்

உருவப்படத்தின் ஒளியமைப்பில் அடிப்படைக் கூறுகள் சிலவே. ஒன்று, ஒளி வரும் திசை. இரண்டு, ஒளிமூலத்தின் பரப்பு. முகத்தை நோக்கப் பரப்பு பெரிதாயின் நிழலின் விளிம்பு கரைந்து மென்மையாகும். சிறிதாயின் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாகும். மூன்று, ஒளிப்பக்கத்துக்கும் நிழற்பக்கத்துக்கும் உள்ள விகிதம். ஒளிப்பக்கம் இருமடங்கு ஒளி பெற்றால் 2:1; கேமராக்காரர் வழக்கில் இது ஒரு ஸ்டாப் வேறுபாடு. எட்டு மடங்கு பெற்றால் 8:1, மூன்று ஸ்டாப். 2:1 இல் முகத்தின் இரு பாதிகளும் தெளிவாகத் தெரியும். 8:1 இல் ஒரு பாதி ஏறத்தாழ இருளுக்குள் சென்றுவிடும்.

இக்கூறுகள் தம்மளவில் பொருள் உடையனவா? மொழியியலில் ஓர் ஒலி பொருளை வேறுபடுத்துகிறதா என்று அறிய ஓரொலியால் மட்டும் வேறுபடும் இணைச் சொற்களைத் தேடுவோம். கல், பல் என்பவற்றில் மாறியிருப்பது முதலொலி மட்டுமே; பொருளோ முற்றிலும் மாறிவிடுகிறது. உருவப்படத்தில் இத்தகைய இணை அரிதாகவே கிடைக்கும். அவ்வாறு கிடைத்த ஒன்று யூசுஃப் கர்ஷ் 1941ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கனடாவின் ஒட்டாவா நாடாளுமன்றத்தில் வின்ஸ்டன் சர்ச்சிலை எடுத்த படங்கள். சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டைக் கர்ஷ் எடுத்துவிட, அவர் சினந்து நோக்கிய கணத்தில் எடுத்தது முதற்படம். உடனே சர்ச்சில் இசைவு தர, முறுவலித்த முகத்தோடு இன்னொரு படமும் எடுக்கப்பட்டது. ஒளியமைப்பு ஏறத்தாழ ஒன்றே. முகம் மட்டும் வேறு. முதற்படத்தில் விடாப்பிடியும் இரண்டாவதில் கனிவும் தோன்றுகின்றன. அந்த ஒளியமைப்புக்குக் கம்பீரம் என்னும் நிலையான பொருள் இருந்திருப்பின் இரண்டாம் படத்திலும் அதுவே மேலோங்கியிருக்க வேண்டும்.

இதனால் ஒளிக்குப் பொருளில்லை என்று முடிவுகட்டுதல் தவறு. முதற்படத்தில் புருவத்தின் சுளிப்பையும் இறுகிய வாயையும் பக்கவொளி ஆழப்படுத்துகிறது. முகமும் ஒளியும் ஒன்றையொன்று வலியுறுத்துகின்றன. இவ்வியைபு உள்ள படமே வரலாற்றில் நின்றது. 2016இல் வெளியான இங்கிலாந்தின் ஐந்து பவுண்டு தாளிலும் அதுவே இடம்பெற்றது. எனினும் அவ்வியைபு யாருக்கு எதனை உணர்த்துகிறது என்பதைச் சூழலே முடிவு செய்கிறது. போரின் நடுவே இலண்டனில் அப்படத்தைக் கண்டவர் அதில் அரணைக் கண்டிருப்பார். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை நினைவிற்கொண்ட இந்திய வாசகர் அதே நிழலில் இரக்கமின்மையைக் காணக்கூடும்.

இனி நிழலின் தகுதி யாது? தமிழில் மரத்தை வெட்டினான் என்பதும் மரம் வெட்டினான் என்பதும் ஒன்றல்ல. முன்னதில் ஐயுருபு வெளிப்படையாக நின்று குறிப்பிட்ட ஒரு மரத்தைச் சுட்டுகிறது. பின்னதில் உருபு இல்லை. அவ்வின்மையே பொதுமையைச் சுட்டுகிறது. உருபு வரக்கூடிய இடத்தில் வராமையே அங்குப் பொருள் தருகிறது. முகத்தின் பாதி இருளில் மறைவதும் இத்தகையதே. அங்கே ஒரு கண் இருக்க வேண்டும் என்று நாம் அறிவோம்; அது தரப்படவில்லை. அவ்வாறு தரப்படாமையே படத்தின் உணர்வாகிறது.

3. கேமரனின் ஒளி

கல்கத்தாவில் பிறந்த கேமரன் தம் 48ஆம் வயதில்தான் இக்கலைக்கு வந்தார். 1863ஆம் ஆண்டின் இறுதியில் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமராவைப் பரிசளித்தனர். வைட் தீவின் ஃப்ரெஷ்வாட்டரில் கோழிக்கொட்டில் கண்ணாடிக் கூடமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தட்டு உலருமுன் படம் எடுத்துக் கழுவப்பட வேண்டும். அமர்ந்தவர் சில நிமிடங்கள்வரை அசையாதிருக்க வேண்டும். அக்கால நிலையங்கள் நாற்புறமும் ஒளி பரவச் செய்து கூர்மையான சிறு படங்களை எடுத்தன. கேமரனோ திரைகளால் ஒளியை மறைத்து ஒரு திசையிலிருந்து மட்டும் விடுத்தார்; முகத்தைத் தட்டு நிறையும் அளவுக்கு நெருங்கினார்; கூர்மையைக் கைவிட்டார். குவியத்தின் நெகிழ்வைக் குறையாகவே அக்காலத் தொழில்முறைத் திறனாய்வாளர் பலர் கருதினர்.

1867ஆம் ஆண்டு ஏப்ரலில் கென்ட் பகுதியின் ஹாக்ஹர்ஸ்டில் உள்ள ஹெர்ஷலின் இல்லத்தில் அவருடைய படங்கள் எடுக்கப்பட்டன. அப்போது ஹெர்ஷலுக்கு வயது 75. தோள்களைக் கருந்துணி மூடியிருக்கிறது. பின்புலம் கருமை. இதனால் உடலும் இடமும் மறைந்து முகமும் வெண்முடியும் மட்டும் எஞ்சுகின்றன. முடியைக் கழுவிக் கலைத்துவிடுமாறு கேமரன் கேட்டுக்கொண்டார் என்பர். அதன் பயன் படத்தில் வெளிப்படை. ஒளி முடியின் இழைகளில் சிதறிப் பரிவேடம்போல் தோன்றுகிறது. நெற்றியின் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிழற்கோடாகின்றன. விண்ணை நோக்கியே வாழ்ந்த ஒருவர் இருளிலிருந்து வெளிப்படுகிறார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எண்வகையுள் இதனை மருட்கையின்பாற்படுத்தலாம். உள்ளத்தின் நிலை உடலின்மேல் புலப்படுதலே மெய்ப்பாடு. கேமரனின் தட்டிலோ அது மெய்யின்மேல் விழும் ஒளியாலேயே புலப்படுகிறது.

அதே ஆண்டில் எடுத்த ஜூலியா ஜாக்சனின் நேர்முகப் படம் வேறு வகையினது. இவர் கேமரனின் உடன்பிறந்தாள் மகள். பின்னாளில் நாவலாசிரியர் வர்ஜீனியா உல்ஃபின் தாய். முகத்தின் ஒரு பாதி ஒளியில் நிற்க மறுபாதி இருளுக்குள் அமிழ்கிறது. ஹெர்ஷல் படத்தில் நிழல் சுருக்கங்களை எழுதி வாழ்நாளைச் சொல்கிறது. இங்கே எதையும் எழுதாது ஒதுங்குகிறது. அங்கே நிழல் விளக்குகிறது, இங்கே மறைத்துக்காக்கிறது. தட்டும் ஒளியும் ஒரு கையின் தேர்வும் ஒன்றாக இருந்தும் நிழலின் தொழில் மாறுகிறது. அகராதி நோக்கு இவ்விடத்தில் உதவாது.

4. தட்டின் செவி

அடுத்து இலங்கைப் படங்களுக்குச் செல்லுமுன் தட்டின் இயல்பைச் சுருங்கக் காணுதல் வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் தான் வேறுபடுத்தும் ஒலிகள் உண்டு. ஏனையவை அம்மொழியினர் செவிக்கு வேறுபாடாகவே படா. தமிழில் ககர வல்லினத்தின் பல ஒலிப்புகளுக்கும் ஓரெழுத்தே அமைந்திருப்பது இதற்குச் சான்று. ஈரக் கொலோடியனுக்கும் இத்தகைய செவி உண்டு. நீலமும் ஊதாவும் புறஊதாவும் அதற்கு நன்கு கேட்கும். சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் கேட்பதில்லை. அவை தாளில் கருமையாகவே படியும். நீலக் கண் வெளிறித் தோன்றும். நீலவானம் வெண்மையாகிவிடும். பழுப்புநிறத் தோல் இயல்பினும் கருத்துத் தோன்றும்.

இதன் விளைவு உருவப்படத்துக்கு மிக முக்கியமானது. வெளிறிய தோலில் ஒளிபட்ட இடத்துக்கும் நிழலுக்கும் இடையே பல படிநிலைகள் உண்டு. ஹெர்ஷலின் நெற்றியில் கண்டவை அவையே. பழுப்புத் தோலில் ஒளிப்பக்கமே கருமையை நெருங்கிவிடுவதால் படிநிலைகள் சுருங்குகின்றன. இங்கிலாந்தில் பயின்ற ஒளியமைப்பை மாற்றாது கொண்டுவந்தால் முகம் வடிவிழக்கும். அதனை மாற்றுதல் இயலாததன்று: கூடுதல் நேரம், வெளிறிய பின்புலம், பக்கத்திலிருந்து தோலின்மேல் வழுக்கிச் செல்லும் ஒளி ஆகியவற்றால் வடிவை மீட்கலாம். கருவியின் குறைபாடு ஒரு காரணம். அதனை ஈடுசெய்யக் கலைஞர் எந்த அளவு முயல்கிறார் என்பது வேறொரு காரணம். திறனாய்வு இவ்விரண்டையும் கலந்துவிடலாகாது.

இது பழங்கதையன்று. 20ஆம் நூற்றாண்டின் வண்ணப்படச் சுருள் கழுவும் நிலையங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் வழங்கிய ஷெர்லி அட்டையில் நெடுங்காலம் வெள்ளைத்தோல் பெண்ணின் உருவமே அளவுகோலாக இருந்தது. கருந்தோலைச் செம்மையாகக் காட்டுவதையே தனிச் சிறப்பாக அறிவித்து 2021இல் ஒரு கைப்பேசிக் கேமரா விற்பனைக்கு வந்தது என்பதே அக்குறை எத்தனை காலம் நீடித்தது என்பதைக் காட்டும்.

5. களுத்துறைப் படங்கள்

1875ஆம் ஆண்டில் கேமரன் குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. அவர் கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன் 1830களின் தொடக்கத்தில் கோல்புரூக்–கேமரன் சீர்திருத்தங்களோடு தொடர்புடையவர். அங்குக் காப்பித் தோட்டங்களும் அவருக்கு இருந்தன. அத்தகைய தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழர். கேமரன் 1879ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கேயே மறைந்தார். இலங்கையில் எடுத்தவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. ஊர்மக்களும் பணியாளரும் தொழிலாளரும் அவற்றில் இடம்பெறுகின்றனர்.

இப்படங்களில் பலவற்றில் இங்கிலாந்துப் படங்களின் கருந்திரை இல்லை. மாந்தர் மரஞ்செடிகளின் முன் நிற்கின்றனர். கேமரா முகத்தை முன்போல் நெருங்கவில்லை. உடலும் உடையும் சுற்றுப்புறமும் சேர்ந்தே சட்டகத்தில் அமைகின்றன. ஒளி திறந்தவெளிக்குரியது, ஒரு திசையிலிருந்து செதுக்கப்பட்டதன்று. ஹெர்ஷல் படத்தில் நிழல் அவருக்கே உரியதாக இருந்தது. இங்கே நிழல் பெரிதும் மரங்களுக்குரியது. மாந்தர் அதில் நிற்கின்றனர்.

பெயரிடுதலிலும் வேறுபாடு உண்டு. 1878ஆம் ஆண்டுப் படமொன்று களுத்துறைக் குடியானவர் குழு என்னும் பொருளில் தலைப்பிடப்பட்டுள்ளது. அதிலுள்ள சிறுமிக்கு வயது 12 என்றும், அவள் தந்தை எனக் கூறிக்கொள்ளும் முதியவர் தமக்கு நூறு வயது என்கிறார் என்றும் குறிப்பு அமைகிறது. வயது உண்டு, உறவும் உண்டு, பெயர் இல்லை.

கேமரனின் படங்களை இந்நோக்கில் மூவகைப்படுத்தலாம். நம் இலக்கணத்தின் பெயர்ப்பாகுபாடு இதற்கு நன்கு துணைபுரிகிறது.

முதல்வகை இயற்பெயர்ப் படங்கள். ஹெர்ஷல், கார்லைல், டார்வின், டென்னிசன் முதலியோர் தம் பெயராலேயே நிற்கின்றனர். நிழல் அப்பெயருக்கு ஆழம் சேர்க்கிறது.

இரண்டாம்வகை ஆகுபெயர்ப் படங்கள். கேமரன் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் பல படங்களில் அன்னை மரியாவாகவும் காப்பிய மாந்தராகவும் அமர்ந்தார். தலைப்பில் இடம்பெறுவது அவர் பெயரன்று. அவர் ஏற்ற வேடத்தின் பெயர். எனினும் ஒளி ஹெர்ஷலுக்கு வாய்த்த அதே நெருக்கத்தோடும் நுட்பத்தோடும் அவர் முகத்தைச் செதுக்குகிறது. அவர் பெயரும் பிற சான்றுகள் வழியே நமக்குக் கிடைத்திருக்கிறது.

மூன்றாம்வகை பொதுப்பெயர்ப் படங்கள். களுத்துறை மாந்தர் குடியானவர், பெண், முதியவர் என்றே சுட்டப்படுகின்றனர். இவ்விடத்தில் பெயர் நீங்குவதும் முகத்தைச் செதுக்கும் ஒளி நீங்குவதும் ஒருங்கே நிகழ்கின்றன. இதனையே இக்கட்டுரையின் மையமாகக் கருதலாம். உணர்வுநிலை என்பது ஒருவருக்கு அகவாழ்வு உண்டு என ஒப்புக்கொண்ட பின்னரே அவர் முகத்தில் தேடப்படுவது. பெயரிடுதல் அவ்வொப்புதலின் மொழிவடிவம். நெருங்கிய பக்கவொளி அதன் காட்சிவடிவம்.

6. ஒரு மறுப்பும் விடையும்

இலங்கையின் வெயில், முதுமை, கண்ணாடிக் கூடம் இன்மை ஆகியவையே இம்மாற்றத்துக்குக் காரணம் எனலாம். இது முற்றிலும் ஒதுக்கத்தக்க வாதமன்று. வெப்பத்தில் கொலோடியன் விரைந்து உலரும். அறுபதைக் கடந்தவருக்குக் கனமான கண்ணாடித் தட்டுகளைக் கையாளுதல் எளிதன்று. ஆயின் அதே களுத்துறையில் 1877இல் விருந்தினராக வந்த ஓவியர் மரியான் நார்த்தையும் கேமரன் படமெடுத்தார். அதே வெயில், அதே தட்டு, அதே முதுமை. ஆனால் அப்படங்கள் பெயரோடு வழங்குகின்றன. சூழலின் இடர்ப்பாடு ஒளியின் மாற்றத்தை ஓரளவு விளக்கலாம், பெயரின்மையை விளக்காது.

மறுபுறம், கேமரனை அக்கால இனவரைவுப் படப்பிடிப்பாளரோடு ஒன்றாக வைத்தலும் நீதியன்று. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த இந்திய மக்கள் என்னும் பொருளிலான ஆங்கிலத் தொகுப்பு மாந்தரைச் சாதி, இன மாதிரிகளாக வகைப்படுத்தி அடுக்கியது. அத்தகைய ஆவணத்தில் நிழல் ஒரு குறை. விவரத்தை மறைப்பதால் தவிர்க்கப்பட வேண்டியது. கேமரனின் இலங்கைப் படங்களில் இவ்வகைப்பாட்டு நோக்கம் இல்லை. சில பெண்களின் நிற்கும் நிலையிலும் பார்வையிலும் அவரது பழைய கனவுருக்களின் சாயல் உண்டு. கலைப்படத்துக்கும் மாதிரிப்படத்துக்கும் இடைப்பட்டவையாக அவை நிற்கின்றன. ஒரு பெருங்கலைஞரின் ஒளிமொழி அதிகார உறவு மாறிய இடத்தில் எவ்வாறு தடுமாறுகிறது என்பதை அவை காட்டுவதாலேயே அவற்றின் மதிப்பு பெரிது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. உருவப்படத்தில் ஒளிக்கும் நிழலுக்கும் நிலையான சொற்பொருள் இல்லை. முகத்தோடும் பின்புலத்தோடும் ஒன்றோடொன்றும் அவை கொள்ளும் உறவிலேயே உணர்வு பிறக்கிறது. தட்டும் சுருளும் இன்றைய மின்னணுக் கருவியும் நடுநிலையானவை அல்ல. எவருடைய தோலை அளவுகோலாகக் கொண்டனவோ அவருடைய நிழலையே அவை செம்மையாக எழுதும். படத்தின் கீழுள்ள பெயர் படத்துக்குப் புறம்பானதன்று. அது ஒளியமைப்பைப் போலவே பொருளாக்கத்தில் பங்குபெறுகிறது.

இம்மூன்றும் ஆவணக்காப்பகப் பணியோடு நேரடித் தொடர்புடையவை. நம் நூலகங்களிலும் குடும்பங்களிலும் உள்ள பழைய உருவப்படங்களைப் பட்டியலிடுவோர் பெரும்பாலும் எடுத்தவர் பெயரையும் ஆண்டையும் மட்டுமே பதிவு செய்கின்றனர். அமர்ந்தவர் பெயரை அறிந்த முதியோர் உள்ளபோதே அதனைக் கேட்டுப் பதிதலும், பெயர் கிடையாதவிடத்து முன்பு இட்ட பொதுப்பெயரை அதனை இட்டவர் கூற்றாகவே குறித்து வைத்தலும் வேண்டும். ஒளியின் திசை, நிழலின் அளவு, சட்டகத்தின் நெருக்கம் ஆகியவற்றையும் விவரிப்பில் சேர்த்தால் யாருக்கு எத்தகைய ஒளி வாய்த்தது என்பதைப் பெருந்தரவின் அடிப்படையில் ஆராய இயலும். கலைச்சொல் நோக்கிலும் ஒரு கருத்து. ஒளிப்படம் என்னும் சொல் துறையின் பொதுப்பெயராக நிற்கலாம். உருவப்படத்தைப் பற்றிப் பேசுமிடத்து நிழற்படம் என்னும் சொல்லைக் கைவிடாதிருத்தல் நன்று. உருவம், மறைவு, ஒளி, காப்பு என்னும் நான்கு பொருளையும் அது ஒருங்கே நினைவூட்டுகிறது.